தொடக்கப் பள்ளிக் கணினிக் கல்வியும் இணையப் பாதுகாப்பும்: தமிழ்நாட்டில் ஒரு வரலாறு

தொடக்கப் பள்ளிக் கணினிக் கல்வி என்பது, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கணினியை இயக்கவும், அதைக் கொண்டு சிந்திக்கவும், இணையத்தில் தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்றுத்தருவதாகும். தமிழ்நாட்டில் கணினி மேல்வகுப்புகளுக்கு முதலில் வந்து, பின்னர் மெல்லக் கீழ்வகுப்புகளை நோக்கி நகர்ந்தது. அது தொடக்க வகுப்பை எட்டும் முன்பே கைப்பேசி குழந்தையின் கைக்கு வந்துவிட்டது. சென்னை அம்பத்தூர்ப் பகுதியிலுள்ள கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்களில் ஆசிரியரும் பெற்றோரும் இன்று எதிர்கொள்ளும் சிக்கல் இதிலிருந்தே தொடங்குகிறது.

தொடக்க முயற்சிகள்

குழந்தைக்கும் கணினி கற்பிக்கலாம் என்ற எண்ணம் 1967இல் அமெரிக்காவில் உருவான லோகோ மொழியால் வலுப்பெற்றது. அதை உருவாக்கியவர்களுள் சீமோர் பேப்பர்ட் குறிப்பிடத்தக்கவர். ‘முன்னே செல்’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்று கட்டளையிட்டு ‘ஆமை’ ஒன்றை நகர்த்திப் படம் வரைவது பின்னர் அம்மொழியின் அடையாளமாயிற்று. ஆமை தவறான பக்கம் திரும்பினால், எந்தக் கட்டளை பிழை என்று குழந்தையே தேடித் திருத்தும்.

இந்தியாவில் 1984-85இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளை அளித்தது. அது உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கானது. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. கள்ளிக்குப்பமும் அப்போது அம்மாவட்டத்திலேயே இருந்தது. அத்திட்டமும் மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கே உரியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் ஆறாம் வகுப்பு அறிவியல் நூல் கணினியை அறிமுகம் செய்தது. அதற்குக் கீழ் கணினி தனிப் பாடமாகவில்லை. இங்கிலாந்திலோ 2014 முதல் ஐந்து வயதிலேயே கணினியியல் கட்டாயப் பாடம். சொந்த விவரங்களைப் பிறரிடம் சொல்லாதிருப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதி.

கைப்பேசி வழி வகுப்புகள்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நடந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்று அவ்வாண்டு ஜூலையில் நடுவண் அரசின் ‘பிரக்யாதா’ வழிகாட்டி கூறியது. நேரத்தை வரையறுக்க முடிந்தது; ஆனால் வகுப்பு முடிந்தபின் அதே கைப்பேசியில் குழந்தை என்ன பார்க்கிறது என்பது பெற்றோரின் பொறுப்பாகவே விடப்பட்டது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் பொதுவாக 13 வயதுக்குக் குறைந்தோருக்குக் கணக்குத் தருவதில்லை. ஆனால் குழந்தை பயன்படுத்துவது அப்பாவின் கைப்பேசி, அப்பாவின் கணக்கு. எனவே பார்ப்பவர் பெரியவர் என்று கருதியே செயலி அடுத்த காணொளியைத் தருகிறது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணும் அதே திரையில்தான் தோன்றுகிறது.

2021 மே மாதத்தில் இணைய வகுப்புகளில் மாணவியர்க்கு நேர்ந்த தொல்லைகள் குறித்துப் புகார்கள் எழுந்தன. அதன்பின் இணைய வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2012இன் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் குழந்தைகளுக்குக் காப்பாக உள்ளன. இருப்பினும், நடந்ததைக் குழந்தை யாரிடமாவது சொன்னால்தான் சட்டத்தின் உதவி அதற்குக் கிட்டும்.

காளிக்குப்பம் ஆய்வு

கள்ளிக்குப்பத்தோடு பெயரளவில் ஒத்த காளிக்குப்பம் என்னும் வேறொரு தமிழ்ச் சிற்றூரில் சுகத மித்ராவும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2010இல் வெளியிட்டனர். 10 முதல் 14 வயதுக் குழந்தைகள் பொதுக் கணினியில் தாமாகவே மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகளைக் கற்று, அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்க்கு இணையான மதிப்பெண் பெற்றனர். அப்பாடமே தெரியாத ஒருவர் உடனிருந்து ஊக்கப்படுத்தியபின், நகரத்துத் தனியார் பள்ளி மாணவர்க்கு இணையாக உயர்ந்தனர். கற்றவர்கள் சற்று மூத்த குழந்தைகள் என்றாலும், துணையிருப்பின் பயனை இவ்வாய்வு காட்டுகிறது.

இன்றைய நிலை

அண்மை ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைந்துள்ளன. ஆசிரியர்க்குக் கைக்கணினிகளும் வழங்கப்பட்டுள்ளன. திரை வகுப்புக்குள் வந்துவிட்டது. அதைக் குழந்தை வெறுமனே பார்ப்பதோடு நில்லாமல், தானே கட்டளையிட்டுப் பழகுவதும், பாதுகாப்பாகப் பயன்படுத்த அறிவதும் அடுத்த படியாகும்.

இந்த வயதுக்குரிய பாதுகாப்புப் பாடம் எளியது: கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லக்கூடாது, முன்பின் அறியாதவருக்குப் படம் அனுப்பக்கூடாது, அச்சம் தரும் எதைக் கண்டாலும் உடனே பெரியவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இணையப் பண மோசடிக்கான எண் 1930 ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் குறித்து வைக்கலாம். தம் பிள்ளை சொல்வதைத் திட்டாமல் கேட்பதற்குப் பெற்றோருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.