பழைய வாகனத்துக்குப் புதுப் பெயின்ற்: காசு எங்கே போகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில், 2022 இல், டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை போனது. தடை நீங்கினாலும் வரியோடு சேர்த்து வரும் விலை வன்னியிலோ வடமராட்சியிலோ ஹயர் ஓடிப் பிழைக்கும் ஒருவருக்கு எட்டக்கூடியதாக இல்லை. முற்றத்தில் நிற்கும் பழைய வானையோ முச்சக்கரவண்டியையோ இன்னும் பத்து வருடம் ஓட வைப்பதுதான் பலருக்கும் உள்ள ஒரே வழி.

இந்தக் கலை எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது, சூப்பிப் போத்தலில் துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் ஓட்டிய ஊர் இது. இயந்திரத்தைக் காப்பாற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகட்டைத்தான் கவனிக்காமல் விட்டோம். இயந்திரம் பழுதானால் இறக்கித் திருத்தலாம், வேறொன்று மாற்றலாம். கதவின் அடியும் தரையும் உக்கிப்போன வண்டிக்கு அந்த வழி இல்லை. கடற்காற்று வீசும் எங்கள் கரையோரங்களில் தகட்டுக்கும் உப்புக்கும் இடையில் நிற்பது அந்த மெல்லிய பெயின்ற் படை மட்டும்தான்.

முழுதாக அடிக்கத்தான் வேண்டுமா?

கராஜுக்குப் போக முன்னர் வெயிலில் நிறுத்தி ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நிறம் மங்கி, கை வைத்தால் சுண்ணாம்புபோல ஒட்டுகிறதே தவிர தகடு தெரியவில்லை என்றால், மேற்படையைத் தேய்த்துப் பொலிஷ் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் மேலே கிளியர் அடித்த மெற்றாலிக் நிறங்களில் அந்தக் கிளியர் படை தோல் உரிவதுபோல உரிந்திருந்தால் பொலிஷ் உதவாது. அப்படி உரிவது பெரும்பாலும் பொனற்றிலும் கூரையிலும்தான். வெயில் நேராக விழும் இடங்கள் அவை. அந்த இரண்டையும் மட்டும் அடிப்பது முழு வண்டிக்கும் அடிப்பதைவிடப் பலமடங்கு மலிவு. நிறத்தில் சிறு வேறுபாடு தெரியும். ஹயர் ஓடும் வண்டிக்கு அது ஒரு குறையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்தது ஒரு காந்தத் துண்டு. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சில்லுக்கு மேலுள்ள வளைவு, கண்ணாடியைச் சுற்றிய விளிம்பு என்று வைத்துக்கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, புட்டி. முன்பு யாரோ ஒருவர் அங்கே ஓட்டையை மூடியிருக்கிறார். வாங்கப்போகும் வண்டிக்கும் இதே சோதனைதான்.

வன்னியில் 2009 வரை ஓடி, பிறகு வெட்டையில் மழையிலும் வெயிலிலும் கிடந்து மீண்ட வாகனங்களில் இது இன்னும் முக்கியம். ஷெல் துண்டு துளைத்த ஓட்டைகளைப் புட்டி வைத்து நிரப்பி, மேலே நிறம் அடித்து விற்றவர்கள் இருக்கிறார்கள். பின்னால் பிடிப்பு இல்லாத புட்டி வண்டியின் அதிர்விலேயே வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போகும். புட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் உள்ளேயிருந்து துரு வளரும். துளைக்குச் சரியான வைத்தியம் துருவை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடிப்பதுதான். அதற்கு மேல் மட்டம் பார்க்க மெல்லிய புட்டி, இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள். வெல்டிங்குக்கு முன்னர் பெற்றோல் தாங்கியைக் கழற்றச் சொல்லுங்கள். வெறுமையான தாங்கிதான் கூடுதல் ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி.

மூன்று வகைப் பெயின்ற்

கராஜில் “என்.சி.யா, டூகேயா?” என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் தலையாட்டினால் பிறகு விலையிலும் தரத்திலும் வருத்தப்பட வேண்டிவரும்.

என்.சி. என்பது நைற்றோசெலுலோஸ் லக்கர். தின்னர் ஆவியாகிப் போக, எஞ்சுவது காய்ந்து படையாகும். சில நிமிடங்களில் தூசி ஒட்டாத அளவுக்குக் காய்வதால் திறந்த முற்றத்திலும் அடிக்கலாம். பிழை வந்தால் தேய்த்துவிட்டு மீண்டும் அடிக்கலாம். விலையும் குறைவு. ஆனால் அதே தின்னரில் அது திரும்பவும் கரையும், பெற்றோல் சிந்தினால் கறை விழும், எங்கள் வெயிலில் சில வருடங்களிலேயே ஒளி மங்கும்.

டூகே என்பது ஹார்ட்னர் கலந்து இரசாயன முறையில் இறுகும் பெயின்ற். இறுகிய பின் தின்னருக்கும் அசையாது. கூடுதல் செலவு, ஆனால் நீண்ட ஆயுள். இதன் ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. ஸ்பிறே பண்ணும்போது மூச்சோடு போனால் தீராத ஆஸ்துமாவைத் தரக்கூடியது. கைக்குட்டையோ கொரோனாக் காலத்து முகக்கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும். ஆகவே டூகேயை வீட்டு முற்றத்தில், பக்கத்து அறையில் பிள்ளை படுத்திருக்க, மலிவு என்று அடிக்க விடாதீர்கள்.

மூன்றாவது எனமல். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் அதே குடும்பம். உழவு இயந்திரம், அதன் பெட்டி, லான்ட்மாஸ்ரர், தண்ணீர் பவுசர் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை. கொம்பிரசரும் தேவையில்லை. ரர்ப்பன்ரைன் விட்டுத் தண்ணீர்ப் பதமாக்கி, பஞ்சு றோலரால் மிக மெல்லிய படைகளாக ஐந்தாறு தடவை உருட்டி, இரண்டு படைக்கு ஒருமுறை நுண்ணிய வோட்டர் பேப்பரால் தேய்த்தால், பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஸ்பிறே அடித்ததா றோலர் உருட்டியதா என்று தெரியாது. ஒவ்வொரு படைக்கும் ஒரு நாள் விட வேண்டும். பொறுமைதான் செலவு.

இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்டபடி அடிக்க முடியாது. எனமலுக்கு மேல் என்.சி. அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்படையைக் கிளப்பி, பால் ஆடைபோலச் சுருட்டிவிடும். பழைய என்.சி.க்கு மேல் டூகே அடிப்பதும் பாதுகாப்பானதல்ல. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் லக்கர். சுருங்கிக் கிளம்பினால் எனமல். ஒன்றும் ஆகாவிட்டால் டூகே, அல்லது கம்பனியில் அடித்தது.

கூலியைக் குறைக்கும் வேலை

நல்ல பெயின்ற் வேலையில் நிறம் அடிப்பது அரை நாள். அதற்கு முந்திய தேய்ப்பும் மட்டம் பார்ப்பும் பல நாட்கள். சிறிய கார் ஒன்றின் வெளிப்புறத்துக்குத் தின்னர் கலக்க முன்னர் இரண்டு மூன்று லீற்றர் நிறம் போதும். செலவில் பெரும்பங்கு பாஸின் கூலி. மலிவு வேலை என்று சொல்லப்படுவது அநேகமாக இந்தத் தயாரிப்பைக் குறைத்த வேலை. ஆறு மாதத்தில் கொப்புளமாக வெளிவரும்.

அந்தக் கூலியில் ஒரு பங்கை நீங்களே உழைக்கலாம். பம்பர், விளக்குகள், கண்ணாடி றப்பர், கைபிடி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுங்கள். கழற்றாமல் ரேப் ஒட்டி அடித்தால் அந்த விளிம்பில்தான் முதலில் உரியத் தொடங்கும். கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் சிறு துளைகளைக் கம்பியால் குத்தித் திறவுங்கள். அடைபட்ட அந்தத் துளைகள்தான் பாதிக் கதவுகளை உக்க வைத்தவை. பிறகு தேய்ப்பு. பழைய பெயின்ற் உறுதியாக இருந்தால் தகடு வரை சுரண்டத் தேவையில்லை. 400 இலக்கப் பேப்பரால் ஒளி போகும்வரை தேய்த்தால் பிறைமர் பிடிக்கும். பிறைமருக்கு மேல், நிறத்துக்கு முன்னர், 600 அல்லது 800. ஐம்பதுகள், அறுபதுகளின் கார்களில் ஈயம் கலந்த பெயின்ற் இருக்கக்கூடும். அவற்றைக் காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேயுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

தண்ணீர் என்றதும் எங்கள் ஊருக்கே உரிய சங்கதி ஒன்று. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. கரையோரக் கிணறுகள் பல உவர். உவர் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்படியே காயவிட்டு மேலே பெயின்ற் அடித்தால், படைக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துச் சிறு சிறு கொப்புளங்களை உண்டாக்கும். பெயின்ற் பிழை, பாஸ் பிழை என்று சண்டை பிடிப்பார்கள். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் நாலு வாளி கொண்டுவந்து, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். புட்டி வைத்த இடத்தில் பிறைமர் அடிக்குமுன் தண்ணீர் படக்கூடாது.

காலமும் முக்கியம். மாரியில் என்.சி. அடித்தால் காற்றின் ஈரம் படையில் இறங்கி வெண்புகார்போலப் படியும். சோழகம் தொடங்கினால் புழுதி. மாரி முடிந்து சோழகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட தை கடைசி முதல் சித்திரை வரையான காலம்தான் திறந்த கொட்டிலில் பெயின்ற் அடிக்க ஏற்றது. அதிலும் காலை வேளை, பனி காய்ந்த பிறகு.

நிறமும் புத்தகமும்

மிகக் குறைந்த செலவு வெள்ளை. ஒரே படையாக அடிக்கலாம், பிறகு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் பொருத்தலாம், வெயிலுக்கும் சூடு குறைவு. மெற்றாலிக், பேர்ள் நிறங்களுக்கு மேலே கிளியர் வேண்டும். பின்னர் சிறு திருத்தத்துக்கும் முழுக் கதவையே அடிக்க வேண்டிவரும். சிவப்பு வெகு சீக்கிரம் மங்கும். படையினரின் வண்டிகளை ஒத்த கடும் பச்சையையும் மங்கிய காக்கியையும் தவிர்த்துவிடுங்கள். வடக்கில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் நிறத்தை மாற்றும் யோசனை இருந்தால் முதலில் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வாகனத்தின் நிறம் அதில் பதியப்பட்டிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். லீசிங்கில் உள்ள வண்டி என்றால் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. அவர்களின் சம்மதமின்றி நகர முடியாது.

இங்கே பலருக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. வாகனம் யுத்தத்தில் இறந்தவரின் பெயரில் அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் இருக்கும். மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்காத குடும்பங்கள் ஏராளம். அந்த மறுப்புக்கு அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அத்தகைய குடும்பங்களுக்குக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்தது. ஆளின் மரணத்தை ஏற்காமலே அவருடைய சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க அது உதவும். அதைக்கொண்டு வாகனப் பதிவில் எதைச் செய்யலாம் என்பதைக் காசு செலவழிக்க முன்னர் மாவட்டச் செயலகத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேளுங்கள். அந்த அலைச்சல் இப்போது முடியாது என்றால் வழி எளிது. புத்தகத்தில் உள்ள அதே நிறத்தையே அடியுங்கள். அதற்கு எந்த அலுவலகத்துக்கும் போகத் தேவையில்லை.

செஸி இலக்கமும் இயந்திர இலக்கமும் பொறித்த இடங்களில் புட்டியோ கிரைண்டரோ படக்கூடாது. துரு இருந்தால் கையால், மெல்ல. தெளிவில்லாத இலக்கத்தோடு பிறகு பெயர் மாற்றப் போனால், திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும்.

பழைய வண்டிகளில் கையால் எழுதிய எழுத்துகள் இருக்கும். “முருகன் துணை” என்றோ மூத்த பிள்ளையின் பெயரோ. பாஸுக்கு அது தேய்த்து எறியும் பழைய பெயின்ற். எழுதியவரோ எழுதுவித்தவரோ இன்று இல்லை என்றால், வேலை தொடங்க முன்னர் படம் எடுங்கள், எண்ணெய்த்தாளை வைத்து எழுத்தின் கோட்டைப் பிரதி எடுங்கள். அதே அளவில், அதே இடத்தில் திரும்ப எழுதுவிக்கலாம். வேண்டுமென்றால் அந்தத் துண்டை ரேப் ஒட்டி மறைத்து, சுற்றிவர மட்டும் அடிக்கவும் சொல்லலாம். சாதாரணமாக ரேப் ஒட்டுவதை நான் எதிர்ப்பேன். இதற்கு மட்டும் விதிவிலக்கு.

பாஸோடு பேசும்போது

மொத்தமாக ஒரு தொகை பேசாதீர்கள். பொருள் வேறு, கூலி வேறு என்று பிரித்துக் கேளுங்கள். நிறத்தையும் ஹார்ட்னரையும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்தால் மலிவுப் பொருள் கலந்தார்களா என்ற சந்தேகம் இராது. இயந்திர அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் நிற இலக்கம் இருக்கும். ரொயோட்டாவின் வெள்ளைக்கு 040 என்பதுபோல. வண்டியில் பாதிதான் அடிக்கிறீர்கள் என்றால் இலக்கம் மட்டும் போதாது. வெயிலில் மங்கிய நிறத்தை வெயிலில் வைத்தே கண்ணால் பொருத்த வேண்டும். எரிபொருள் ஊற்றும் சிறு மூடியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது வழமை.

காசை மூன்று தவணையாகக் கொடுங்கள். ரிங்கரிங் முடிய ஒன்று, பிறைமர் நிலையில் ஒன்று, வண்டியை எடுக்கும்போது மிச்சம். இதில் பிறைமர் நாளன்று கட்டாயம் நேரில் போங்கள். நிறம் ஏறிய பிறகு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சாம்பல் நிறப் பிறைமரில்தான் பள்ளமும் மேடும், பேப்பர் கீறலும், மூடாத துருவும் தெரியும். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

எடுத்து வந்த பிறகு ஒரு மாதத்துக்கு வக்ஸ், பொலிஷ் வேண்டாம். தின்னர் முழுதாக வெளியேற வேண்டும். வேம்புக்குக் கீழே நிறுத்தாதீர்கள், பிசினும் காக எச்சமும் புதுப் படையைத் தின்னும். மினுக்கத்துக்குப் பூசும் சிலிக்கன் எண்ணெய்களைக் கடைசிவரை தவிர்ப்பது நல்லது. அடுத்த தடவை பெயின்ற் அடிக்கும்போது மீன் கண்போலச் சிறு வட்டங்கள் விழுவது அதனால்தான்.

மிஞ்சிய நிறத்தை ஹார்ட்னர் கலக்காமல் கேட்டு வாங்குங்கள். கலந்தது சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். சிறிய கண்ணாடிப் போத்தலில் வாய்வரை நிரப்பி, இறுக்க மூடி, நிற இலக்கத்தையும் திகதியையும் ஒட்டி, அடுப்பங்கரைக்குத் தூரமாக நிழலில் வையுங்கள். கல் தெறித்து நகமளவு தகடு தெரிந்த அன்றே சின்னத் தூரிகையால் ஒரு பொட்டு வைத்துவிட்டால், அந்த இடத்துக்காக அடுத்த மாரியில் கராஜ் தேட வேண்டிவராது.