இரவற் குரல்கள்



ஒரு பாட்டுக்குப் பெயர் இடுவதாயின் இரண்டு சொற்கள் போதும்; மிகுந்தால் ஐந்து சொற்கள். 1981ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் திகதிக்குரிய விற்பனை வரிசையில், அமெரிக்க இசையுலகின் ஏடாகிய பில்போர்ட் முதலிடத்தில் அச்சிட்ட இசைத்தட்டின் பெயரோ நாற்பத்தொரு சொற்களாலானது. அந்நாள் வரை முதலிடம் பெற்ற எந்தத் தட்டுக்கும் அத்துணை நீண்ட பெயர் அமைந்ததில்லை. பெயர் என்றேனாயினும் உண்மையில் அது ஒரு பட்டியல். பிறர் பாடிப் புகழ்பெற்ற பத்துப் பாட்டுக்களின் தலைப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இறுதியில் அத்தட்டின் சொந்தப் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அச்சொந்தப் பெயர் ‘ஸ்ரார்ஸ் ஒன் 45’ என்பது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுழலும் சிறு தட்டில் நட்சத்திரங்கள் கூடியிருக்கின்றன என்பது அதன் கருத்து. ஆயின் அத்தட்டில் நட்சத்திரம் ஒன்றுதானும் இல்லை. அஃது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பல பூவை ஒரு நாரில் தொடுத்தாற் கதம்பம் என்கிறோம். பல பாட்டின் துணுக்குகளை ஒரு தாளத்தில் தொடுப்பதும் அத்தகையதே. மேல்நாட்டில் இது புதிய வழக்கமன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலண்டனில் வினிபிறெட் அற்வெல் என்னும் பெண்மணி பியானோ வாசித்துப் பெரும்புகழ் ஈட்டினார். திரினிடாட் தீவிற் பிறந்தவர். இலண்டன் இறோயல் இசைக்கழகத்திற் சாத்திரிய இசை பயின்றவர். ஆனால் மக்கள் அவரிடம் கேட்டு மகிழ்ந்தது அச்சாத்திரிய இசையையன்று. பற்றர்சீப் பகுதியிலுள்ள பழம்பொருட் கடையொன்றில் ஐம்பது சிலிங்குக்கு வாங்கிய, சுருதி சற்றுத் தளர்ந்த ஒரு பழைய பியானோவில், எல்லாருக்கும் தெரிந்த பழம்பாட்டுக்களை அவர் இடைவிடாது கோத்து வாசிப்பார். கேட்போர் சேர்ந்து பாடுவர். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தகைய கதம்பத் தட்டொன்று பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அந்நாட்டில் அவ்விடத்தை அடைந்த முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. ஐம்பது சிலிங்குப் பியானோ செய்த காரியம் அது.

1965இல் யேர்மனியிலே பிறேமன் நகரத்தவரான யேம்ஸ் லாஸ்ற் என்பவர் இவ்வழியை நெடுந்தட்டுக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டின் புகழ்பெற்ற பாட்டுக்களையெல்லாம் தம் வாத்தியக் குழுவைக் கொண்டு வாசிப்பித்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மௌனம் விழாதபடி, விருந்தினர் சிரிப்பும் ஆரவாரமும் கலந்து ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார். நடனமாடுவோர் கால் ஓயாமல் ஆடலாம். தட்டை மாற்ற ஓடவேண்டியதில்லை. அற்வெல், லாஸ்ற் ஆகிய இருவரும் தாம் பிறர் பாட்டை வாசிப்பதை ஒளிக்கவில்லை. கேட்போரும் பியானோவைப் பியானோ என்றும், வாத்தியக் குழுவை வாத்தியக் குழு என்றுமே கேட்டனர். பிறர் குரலையே எடுத்துக்கொள்ளும் துணிவு பின்னர் வந்தது.

இனி ஒல்லாந்துக்குச் செல்வோம். ஒல்லாந்தர் என்றதும் நமக்கு யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வரும்; எவருக்கு எது உரிமை என்று 1707இல் அவர்கள் எழுதுவித்த தேசவழமைத் தொகுப்பும் நினைவுக்கு வரும். ஈண்டு வருவதும் உரிமை பற்றிய கதையே.

1979ஆம் ஆண்டுக் கோடையில் வில்லெம் வான் கோட்டன் என்பவர் ஓர் இசைத்தட்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தார். நமக்குச் சற்று நெருங்கிய தொழிலினர் இவர். வட கடலிற் கப்பலில் இருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய வெரோனிக்கா வானொலியில் யோஸ்ற் டென் திறாயர் என்ற புனைபெயரோடு அறிவிப்பாளராக விளங்கியவர். 1965இல் ஒல்லாந்து நேயர்களுக்கு நாற்பது பாட்டுக்களின் வாராந்த வரிசையை அறிமுகஞ் செய்தவரும் இவரே. பின்னர் றெட் புல்லட் என்னும் இசைப் பதிப்பு நிறுவனத்தை நடத்தினார். கடையில் ஒரு கதம்பம் ஒலித்துக்கொண்டிருந்தது. பீற்றில்ஸ் குழுவினரின் குரல், வேறு பல குழுவினரின் குரல், எல்லாம் மூலப் பதிவுகளிலிருந்தே வெட்டி ஒட்டப்பெற்று, ஒரே முரசொலியின் மேல் ஓடின. கேட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டார். இடையிலே ‘வீனஸ்’ என்ற பாட்டும் வந்தது. ஹேக் நகரத்து ஷொக்கிங் புளூ குழுவினர் 1969இற் பாடி, 1970 பெப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாட்டு அது. அதன் பதிப்புரிமை அவருடையது. அவரோ எவருக்கும் அனுமதி வழங்கவில்லை!

தட்டைப் புரட்டிப் பார்த்தால் அதிற் பாடியவர்களாகக் குறித்த குழு உலகில் இல்லாத குழு. தேடியபோது, கனடாவின் மொன்றியால் நகரத்து நடனசாலைகளில் தட்டுச் சுழற்றுவோர் உருவாக்கிய கள்ளத்தட்டு அது எனத் தெரிந்தது. அனுமதி பெறாத கப்பலிலிருந்து பேசிப் பேர் வாங்கியவர், அனுமதி பெறாத தட்டைக் கண்டு கொதித்தார் என்பதை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அவர் நிலையிற் குற்றம் சொல்வதற்கில்லை. பாட்டை எழுதியவனுக்குச் சேரவேண்டிய பணத்தைக் காப்பதே பதிப்பாளர் கடமை.

அடுத்து அவர் செய்ததே விந்தை. கள்வரைத் துரத்துவதோடு நில்லாது, ‘இதையே நாம் முறைப்படி செய்தால் என்ன?’ என்று எண்ணினார். இதனை விளங்கிக்கொள்ளச் சட்டத்தைச் சிறிது பார்த்தல் வேண்டும். ஓர் இசைத்தட்டில் இரண்டு உடைமைகள் உள. சொல்லும் மெட்டும் ஓர் உடைமை. அது புலவனுக்கும் இசையமைப்பாளனுக்கும் உரியது. பாடகன் வாய்திறந்து பாடிய அந்த ஒலி மற்றோர் உடைமை. அது பதிவு செய்த நிறுவனத்துக்கு உரியது. முதலாவதற்கு விலை கொடுப்பது எளிது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. தானே இசைக்கும் பியானோவுக்கென்று துளையிட்ட கடதாசிச் சுருள்கள் விற்கப்பட்ட காலம் அது. அச்சுருள் பாட்டின் பிரதியாகாது என்று 1908இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. மெட்டமைத்தவர்கள் வெறுங்கையோடு நின்றனர். மறு ஆண்டே சட்டமன்றம் ஒரு சமரசஞ் செய்தது. ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன்பின் எவரும் அதனைத் தாமே இசைத்துப் பதிவு செய்யலாம். உரியவர் மறுத்தல் இயலாது. ஆனால் பிரதி ஒன்றுக்கு இரண்டு சதம் கொடுத்தல் வேண்டும். அவ்விரண்டு சதம் 1977 முடியும் வரை ஏறவேயில்லை. ஐரோப்பிய நாடுகளிலும் இவ்வாறு உரிமைப்பணம் தொகுக்குஞ் சங்கங்கள் உள.

இரண்டாவது உடைமையின் கதை வேறு. பீற்றில்ஸ் பாடிய அந்த ஒலியை, அதன் உரிமையாளர் இசைந்தாலன்றி எவரும் எடுத்தாள முடியாது. ஆகவே கள்ளத்தட்டைப் போன்ற ஒன்றைச் சட்டத்துக்குட்பட்டுச் செய்வதற்கு வழி ஒன்றே: பாட்டுக்கு விலை கொடுப்பது, குரலைப் போலச் செய்வது.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. எந்தப் பாட்டின் உரிமைக்காக இத்தனையும் நிகழ்ந்ததோ அந்த ‘வீனஸ்’ பாட்டே முழுதும் சொந்தச் சரக்கன்று. 1963இல் பிக் திறீ என்னும் அமெரிக்க நாட்டார் இசைக் குழுவினர் பதிவு செய்த ஒரு பஞ்சோப் பாட்டோடு அதனை அடுத்தடுத்துக் கேட்டவர்கள் ஒற்றுமையை உடனே உணர்வர். அந்தப் பாட்டோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீபன் பொஸ்ரர் எழுதிய பாட்டொன்றின் சொற்களை எடுத்துப் புதிய மெட்டில் அமைத்தது. இரவலின் மேல் இரவல்.

வான் கோட்டன் இப்பணியை யாப் எக்கர்மொண்ட் என்பவரிடம் ஒப்படைத்தார். முன்னர் கோல்டன் இயரிங் குழுவில் முரசு முழக்கியவர் இவர். முரசறிந்தவர் கையில் இது சேர்ந்தது பொருத்தமே. கதம்பத்தின் நார் தாளமன்றோ? மூலப் பாட்டுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தின. பதிவான தட்டுக்களை வெட்டி ஒட்டுபவன், வேகம் ஒத்த பாட்டுக்களையே தேடி எடுத்தல் வேண்டும். இன்றேல் தாளம் இடறும். புதிதாகவே பாடுவிப்பவருக்கு அத்தொல்லை இல்லை. விரைந்த பாட்டைத் தணிக்கலாம். மெல்லிய பாட்டை முடுக்கலாம். எக்கர்மொண்ட் அடியிலிருந்து முடிவு வரை மாறாத ஒரு முரசடியை வைத்து, அதன் மேற் கைதட்டலையும் சேர்த்தார். அக்கைதட்டல் ஒலியைக் கேட்டவர் எவரும் மறவார். கேட்டு அலுத்தவரும் மறவார் என்க.

குரல்களே அரிய பகுதி. பீற்றில்ஸ் குழுவின் யோன் லெனனைப் போலப் பாட பாஸ் மயிஸ், போல் மக்காட்னியைப் போலப் பாட ஒக்கி ஹயிஸ்டென்ஸ், யோர்ச் ஹரிசனைப் போலப் பாட ஹான்ஸ் வெர்மூலன் என மூவர் அமர்த்தப்பெற்றனர். இவர்கள் கூலிக்குக் கூவ வந்தவர்களல்லர். வெர்மூலன், சாண்டி கோஸ்ற் என்னும் குழுவின் தலைவராகத் தம் சொந்தக் குரலாலும் சொந்தப் பாட்டாலும் தம் நாட்டிற் புகழ்பெற்றவர். பிறன்போலப் பாடுதல் வெறும் வேடிக்கை என்று எவரும் எண்ணவேண்டாம். ஒருவன் மூச்சை எங்கே விடுகிறான், சொல்லின் ஈற்றை எங்கே நழுவவிடுகிறான், எந்த எழுத்தை மூக்கிலே ஏற்றுகிறான் என்று நுணுகிக் கேட்டாலன்றி அது கைகூடாது. அத்தனை நுணுக்கத்துக்கும் கிடைத்த பரிசு, கேட்பவர் அவரை மறந்து வேறொருவரை நினைப்பதே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தட்டை வாங்கிய மக்களுள் இம்மூவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

தட்டு 1980 முடிந்து 1981 பிறக்குந் தறுவாயில் ஒல்லாந்தில் வெளிவந்தது. 1980 டிசம்பர் 8ஆம் திகதி நியூயோர்க்கில் யோன் லெனன் தம் வீட்டு வாயிலிற் சுடப்பட்டு இறந்தார் என்பதை நேயர்கள் அறிவீர்கள். எக்கர்மொண்ட் தம் வேலையைத் தொடங்கியபோது இதனை எவர் கண்டார்? ஆயினும் அத்துயரம் ஆறாத மாதங்களிலே வானொலியைத் திருப்பியவர்களின் காதில், அவர் குரல் போன்ற ஒரு குரல், கைதட்டலோடு, நடனத் தாளத்தில் வந்து விழுந்தது. சிலர்க்கு அஃது ஆறுதலாக இருந்திருக்கலாம். சிலர்க்குப் பிணத்தின் முன்னே கூத்தாடியது போலத் தோன்றியிருக்கலாம். இரண்டும் இயல்பே. ஆனால் இத்தட்டின் வெற்றிக்குக் கைதட்டல் மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. இறந்தவனின் குரலை இன்னும் ஒருமுறை கேட்கும் ஆவல் அதிற் கலந்திருந்தது என்றே எண்ணுகிறேன்.

முதலிற் பல குழுவினரின் பாட்டுக்கள் கலந்த நீண்ட கதம்பமாகவே அது வெளியாயிற்று. வானொலி நிலையத்தார் அதில் பீற்றில்ஸ் பாட்டுக்கள் எட்டும் தொடர்ந்து வரும் பகுதியையே விரும்பி ஒலிபரப்பக் கண்டு, அப்பகுதியை நடுவாக வைத்துச் சிறு தட்டாகச் சுருக்கினர். பாட்டுக்களின் பதிப்பாளரோ தத்தம் தலைப்பு ஒவ்வொன்றும் அச்சில் வரவேண்டும் என்றனர். அதனாலேதான் அமெரிக்காவில் அந்த நாற்பத்தொரு சொல். கிம் கார்ண்ஸ் என்னும் பாடகியின் தட்டை முதலிடத்திலிருந்து ஒரே ஒரு வாரம் இறக்கிவிட்டு, மறுவாரம் அவருக்கே இடத்தை விட்டுக்கொடுத்தது. பிரித்தானியாவிற் சிறு தட்டு இரண்டாம் இடம். அதனைத் தொடர்ந்து வந்த நெடுந்தட்டு முதலிடம். அந்நெடுந்தட்டின் ஒரு பக்கம் முழுதும் பீற்றில்ஸ் பாட்டுக்கள். பாட்டு ஒன்றுக்கு இரண்டொரு அடிகள், சில விநாடிகள். இசை நயம் கருதுவோர் இதனை வெறுத்தனர். ஒரு பாட்டின் பொருள் அதன் முடிவிலன்றோ விளங்கும். பல்லவியைக் கிள்ளி எடுத்து அடுத்ததற்குத் தாவுவது உண்பதாகுமா, முகர்வதாகுமா என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. எனினும் அம்முகர்ச்சியால் மூலப் பாட்டைத் தேடிச்சென்ற இளைஞர் பலர் இருந்திருப்பர் என்பதையும் மறுக்கேன்.

வெற்றி கண்டால் வழி நெரிசலாகும். எக்கர்மொண்டே அடுத்து ஸ்வீடன் நாட்டு அப்பா குழுவின் பாட்டுக்களையும், 1982இல் ஸ்ரீவி வொண்டரின் பாட்டுக்களையும் இவ்வாறே கோத்தார். இலண்டனில் இறோயல் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவினர், லூயி கிளார்க் என்பவரின் தலைமையில், சாத்திரிய இசை மேதைகளின் துணுக்குகளையே நடன முரசின் மேல் ஓட்டி 1981இற் பெரும்பணம் கண்டனர். கலிபோர்னியாவின் பீச் போய்ஸ் குழுவினர்க்குப் பிறர் குரல் தேவைப்படவில்லை. அவர்களின் பழைய பதிவுகளையே நிறுவனத்தார் ஒட்டிக் கதம்பமாக்கி அவ்வாண்டே விற்றனர்.

ஈற்றிற் சொல்லவேண்டியது 1982ஆம் ஆண்டின் ஒரு தட்டைப் பற்றி. பீற்றில்ஸ் குழுவின் பதிவுகளை உடைமையாகக் கொண்ட நிறுவனம், அவர்களின் திரைப்படப் பாட்டுக்களை மூல ஒலிநாடாக்களிலிருந்தே வெட்டி ஒட்டி, ஒரு கதம்பத்தை வெளியிட்டது. மொன்றியாலிற் கள்ளத்தனமாக நிகழ்ந்தது இப்போது உரியவர் கையாலேயே நிகழ்ந்தது. அமெரிக்க விற்பனை வரிசையில் அது ஏறிய உச்சம் பன்னிரண்டாம் இடம். மூன்று ஒல்லாந்தரின் இரவற் குரல் முன்னாண்டில் எட்டிய முதலிடத்தை, அந்நால்வரின் சொந்தக் குரல் எட்டவில்லை.