மூணாறும் மூன்னாரும்: எல்லையோர ஊர்ப்பெயர்களின் ஒலிப்பு காட்டும் வரலாறு

‘மூணாறு என்பது சரியா, மூன்னார் என்பது சரியா?’ இக்கேள்வி எழும்போதெல்லாம், ‘அவ்வூர் யாருடையது?’ என்ற கேள்வியிலேயே விவாதம் சென்று முடிகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அந்தப் பிரிவினையின் வடு இன்னும் ஆறாத நிலையில், ஓர் ஊர்ப்பெயரின் ஒலிப்பு வேறுபாட்டைத் ‘திரிபு’ என்றோ ‘திருட்டு’ என்றோ இரு தரப்பாரும் எழுதிவருகின்றனர். ஒலியியல் சான்றுகள் இவ்விரு கூற்றுகளையும் ஏற்பதில்லை.

முதலில் மூணாற்றையே எடுத்துக்கொள்வோம். முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பதால் அமைந்த பெயர் இது. ‘மூன்று’ என்பதிலுள்ள ‘ன்ற்’ என்னும் மெய்ம்மயக்கம் தமிழ்ப் பேச்சில் ணகரமாகி ‘மூணு’ ஆயிற்று. மலையாளத்தில் இரட்டை னகரமாகி ‘மூன்னு’ ஆயிற்று. ‘ஒன்று’ தமிழில் ‘ஒண்ணு’ என்றும் மலையாளத்தில் ‘ஒன்னு’ என்றும் ஆனது இதே வழியில்தான். ஆகவே மூணாறு மூன்னாரிலிருந்து வந்ததன்று. மூன்னார் மூணாற்றிலிருந்து வந்ததும் அன்று. இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். கூடும் ஆறுகளின் பெயர்களிலும் ஒன்றில் மலையாளப் ‘புழ’ இருக்கிறது. மற்றொன்றில் தமிழ்ப் பேச்சின் ‘நல்ல தண்ணி’ இருக்கிறது.

இத்தகைய ஒழுங்கான மாற்றங்களை எல்லை நெடுகிலும் காணலாம். தமிழின் ஈற்று ஐகாரம் மலையாளத்தில் அகரமாகும்: ஆனைமலை – ஆனமல, மறையூர் – மறயூர், வட்டவடை – வட்டவட, பூப்பாறை – பூப்பாற, உடும்பன்சோலை – உடும்பன்சோல. தமிழின் ‘ஞ்ச’ மலையாளத்தில் ‘ஞ்ஞ’ ஆகும்: மஞ்சள் ‘மஞ்ஞள்’ ஆவதுபோலக் கொழிஞ்சாம்பாறை ‘கொழிஞ்ஞாம்பாற’ ஆகிறது. ஈற்று ‘ஆறு’ மலையாளத்தில் ‘ஆர்’ எனக் குறையும்: சின்னாறு – சின்னார், வாளையாறு – வாளயார், பெரியாறு – பெரியார்.

இதனால் தமிழே எப்போதும் பழைய வடிவைக் காத்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, முன்னாளில் கொச்சி அரசின் பகுதியாக இருந்த சிற்றூரைப் பாருங்கள். தமிழ்ப் பேச்சில் அது ‘சித்தூர்’; பல்லின் பின்புறம் நாத்தொட்டு எழும் தகரம். மலையாளியோ நுனிநாவை அண்ணத்தில் ஒற்றி, இரட்டை றகரத்தை வல்லொலியாகவே ஒலிக்கிறார். றகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே பிறப்பிடம் சொல்லும் தொல்காப்பியத்தோடு பொருந்துவது இந்த ஒலிப்பே. யாழ்ப்பாணத் தமிழர் ‘காற்று’, ‘வெற்றி’ என்று சொல்லும்போதும் இதைக் கேட்கலாம். ரகர, றகர வேறுபாட்டையும் மலையாளம் நாவில் காத்துவருகிறது. நம் பேச்சில் அது பெரிதும் மறைந்துவிட்டது. அதனால்தான் மலையாளத்தில் றகரமிட்டு எழுதப்படும் பறம்பிக்குளம், நம் அரசு ஆவணங்களில் ‘பரம்பிக்குளம்’ ஆகிவிட்டது.

இன்னொரு வகைப் பெயர்கள் உண்டு. அவை ஒலிமாற்ற விதிகளை மீறுபவை. வரலாற்று மாணவருக்கு மிகவும் பயன்படுபவையும் அவையே. தமிழ்ச் ‘சிறு’ என்பதற்கு மலையாளத்தில் ‘செறு’ என்பதே நேர் இணை. ஆயினும் கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணியை மலையாளத்தில் ‘செறுவாணி’ என்பதில்லை. ‘ஷிருவாணி’ என்பதை ஒத்த ஒலிப்போடு எழுதுகின்றனர். தமிழர் வாயிலிருந்து கேட்டதைக் கேட்டபடியே பதிந்த வடிவம் அது. ஆழியாறு இன்னும் வியப்பூட்டுவது. ழகரத்தைச் சிதையாமல் ஒலிக்கும் மலையாளிகள் அதை ‘ஆளியார்’ என எழுதுகின்றனர். கொங்குப் பேச்சில் பலரிடம் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். அந்த ஒலியே மலையாள எழுத்தில் உறைந்து நிற்கிறது. இவை ஏட்டின் வழியே சென்ற பெயர்கள் அல்ல. மனிதர்கள் பேசிக் கேட்டுச் சென்றவை. கணவாய் வழியே நடந்த போக்குவரத்துக்கு இவையும் சான்றுகளே.

எழுத்து நம்மை ஏமாற்றும் இடங்களும் உள்ளன. ‘பாலக்காடு’ என்று தமிழில் எழுதினாலும் ஈற்றில் ஒலிப்பது குற்றியலுகரம். மலையாளி ஒலிப்பதும் ஏறத்தாழ அதுவே. அவர்கள் அதற்குத் தனிக்குறி இடுகிறார்கள், நாம் இடுவதில்லை. வேறுபாடு கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. ஆங்கிலேயர் எழுதிய ‘பால்காட்’டோ இரு சாராருக்கும் அந்நியமானது. மலபார் மாவட்டம், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று வெவ்வேறு நிர்வாகங்கள் இப்பெயர்களைத் தத்தம் முறையில் பதிந்தன என்பதையும் ஆவணங்களைப் புரட்டுவோர் நினைவில் கொள்ள வேண்டும். தமிழர் ‘குமுளி’ என்பதும் மலையாளிகள் ‘குமளி’ என்பதும் ஓர் ஊரே. ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் பாதிச் சான்றுகள் கைநழுவிப் போகும்.

எனவே கள ஆய்வுக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெயரைப் பலகையிலிருந்து மட்டும் படியெடுக்காதீர்கள். அவ்வூரில் வாழும் தமிழரும் மலையாளியும் பழங்குடியினரும் அதைச் சொல்லும்போது பதிவு செய்யுங்கள். பிறகு வருவாய்த்துறைப் பதிவையும் தோட்ட ஆவணத்தையும் அதனருகே வையுங்கள். அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில்தான் ஆய்வு தொடங்குகிறது. மூணாறு என்பவரும் மூன்னார் என்பவரும் தத்தம் தாயிடம் கற்றதையே சொல்கிறார்கள். அவர்களுள் யார் அந்த மண்ணுக்கு உரியவர் என்று தீர்ப்பளிக்க ஒலியியல் இடந்தருவதில்லை. இருவரும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதையே அது உறுதிப்படுத்துகிறது.