உறக்கமின்மை: செவிலியர் பராமரிப்பு

உறக்கமின்மையாவது, படுத்தபின் நெடுநேரம் கண் அயராமையும், அயர்ந்த துயில் இடையிலே கலைந்து மீண்டும் கூடாமையும், விடியுமுன் விழித்துக்கொண்டு பகலெல்லாம் சோர்ந்திருத்தலுமாகிய அவஸ்தைகளின் பொதுப்பெயர். வலி, இருமல், மூச்சுத் திணறல், மனக்கவலை ஆகியவற்றை ஒட்டி இது வருவது மிகுதியாதலின், காரணத்தை நாடித் தணித்த பின்னரே தூக்க மருந்தை நினைக்க வேண்டும்.

பாரத வைத்திய நூல்களுள் சரக சம்ஹிதை, ஆகாரம், நித்திரை, பிரமசரியம் என்னும் மூன்றையும் தேகத்தைத் தாங்கும் உபஸ்தம்பங்கள் என வகுத்தது. நித்திரையையும், இரவின் இயல்பால் வருவது, உடலும் மனமும் களைத்ததால் வருவது, கபத்தால் வருவது, தமோகுணத்தால் வருவது, நோயைத் தொடர்ந்து வருவது என்றெல்லாம் பிரித்து, இரவின் இயல்பால் வருவதே உயிர்களைத் தாய்போல் புரப்பது என்று சிறப்பித்தது. துயில் கொள்ளாதார்க்கு அது விதித்த எண்ணெய் தேய்த்தல், நீராட்டு, எருமைப்பால், கைகால் பிடித்துவிடுதல், மனத்துக்கு இசைந்த மணமும் ஒலியும், செவ்வையாக விரித்த படுக்கை ஆகிய யாவும் பணிவிடை செய்வோர் கையால் ஆவனவே என்பது கருதத்தக்கது.

இப்பணிவிடையைச் சாஸ்திரீயமாக நிலைநிறுத்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் (1820–1910). செவிலியம் பற்றி 1859-இல் அவர் எழுதிய நூலில் ஓசைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. முதல் துயிலிலே எழுப்பப்பட்ட நோயாளி அவ்விரவில் மீண்டும் உறங்குதல் அரிது என்றும், சில மணி நேரம் உறங்கியபின் விழித்தவரோ மறுபடி உறங்கக்கூடும் என்றும் அவர் நுணுகி அறிந்து கூறினார். அறையினுள் குசுகுசுவென்று பேசுதல், அது தம்மைப் பற்றியதோ என்று நோயாளி செவியைத் தீட்டிக்கொள்ளச் செய்வதால், பேரோசையினும் கொடிது. பட்டாடையின் சரசரப்பும் காலணியின் கிறீச்சொலியுங்கூட அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. நோயாளியின் பாதங்களை அவ்வப்போது கையால் தொட்டுப் பார்த்து, சில்லிட்டிருப்பின் வெந்நீர்ப் புட்டியோ சூடேற்றிய கம்பளித் துணியோ வைக்க வேண்டும் என்ற அவர் விதி, இன்றும் எந்தச் செவிலியரும் மறக்கலாகாதது.

குழந்தைகளின் விஷயம் வேறு. பிறந்த குழவி நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், இரண்டு வயதுக் குழந்தை 11 முதல் 14 மணி நேரமும் உறங்குதல் இயல்பு. இரவில் குழவி பாலுக்கு எழுதல் நோயன்று. ஓயாது அழுமாயின், பசி, ஈரத்துணி, வயிற்று உப்புசம், காதுவலி என ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க வேண்டுமேயன்றி, மருந்தூட்டி அடக்குதல் பாதகம். அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட வின்ஸ்லோ அம்மையார் சாந்த பானம் மார்ஃபின் என்னும் மயக்கப்பொருள் கலந்தது; பல் முளைக்கும் வேதனைக்கென்று தாய்மார் நம்பி ஊட்டிய அதனால் சிசுக்கள் மாண்டன. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சிசுக்கொல்லிகளுள் ஒன்றாகக் கண்டித்தது. சற்று வளர்ந்த குழந்தையைத் தனியே அழவிட்டுப் பழக்குதலை மேனாட்டார் சிலர் போற்றுவர். எனினும் நாள்தோறும் ஒரே வேளையில் நீராட்டி, விளக்கைத் தணித்து, முதுகில் தட்டிக்கொடுத்துத் துயிலவைக்கும் நியமமே மென்மையானது.

1903-இல் பிஷர், வான் மேரிங் என்னும் அறிஞர்கள் பார்பிட்டால் என்னும் தூக்க மருந்தை வெளியிட்டபின் அவ்வகை மருந்துகள் பெருகின. ஆயினும் நாட்பட்ட உறக்கமின்மைக்கு இக்காலத்தில் மருந்தினும் முன்னதாக, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்ப்படுத்தும் மனப்பழக்கச் சிகிச்சை விதிக்கப்படுகிறது. குழவிகளின் உறக்கத்திலோ, அவர்களை மல்லாக்கக் கிடத்துமாறு 1990-களிலிருந்து பல நாடுகளிலும் அறிவுறுத்தி வருகின்றனர்.