கறுப்பு வண்டியும் வட்டக் கீறலும்

கறுப்பு கார் வாங்கியவர்களுக்கு முதல் ஆறு மாதம் பெருமை. அதன் பிறகு ஒரு மனக்குறை ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். யாரும் ஆணியால் கீறவில்லை, எந்தச் சுவரிலும் உரசவில்லை. "இந்தக் காலத்துப் பெயின்ட்டே மட்டம்" என்று கம்பெனியைத் திட்டுவோம். இல்லாவிட்டால், காலையில் வண்டி துடைக்கும் ஆள்மேல் பழி விழும். எங்கள் குடியிருப்பிலும் போன மாதம் இதை வைத்து ஒரு பஞ்சாயத்து நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று பார்க்க, காருக்குக் கறுப்பு வந்த கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது.

காருக்கு முன்பு குதிரை வண்டி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணக்காரர்களின் கோச்சு வண்டிக்கு வர்ணம் அடிப்பது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தைப் பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பியூமிஸ் கல் பொடியும் தண்ணீரும் வைத்துத் தேய்ப்பார்கள். கடைசியில் கோபல் என்ற மரப் பிசினில் செய்த வார்னிஷ் ஏறும். அது மினுக்கம் தரும், ஆனால் மென்மையானது. ஆகவே வண்டிக்காரர்களுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. வண்டியை வெயிலில் வைத்துக் கழுவக் கூடாது. சேற்றைக் காய விடக் கூடாது. காய்ந்துவிட்டால் தேய்த்து எடுக்காமல், தண்ணீரை ஓடவிட்டு ஊறவைத்துத் தானாகக் கழன்று போகச் செய்ய வேண்டும். சக்கரத்துக்கு வைத்திருக்கும் ஸ்பாஞ்சை மேல்பாகத்தில் வைக்கக் கூடாது. இன்று கறுப்பு கார் கழுவச் சொல்லிக் கொடுப்பவர்கள் சொல்லும் விதிகளில் பாதி இதிலேயே வந்துவிட்டது.

கறுப்பு மினுக்கத்தின் மூதாதை இன்னும் கிழக்கே இருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மரத்தின் பாலை எடுத்துப் பாத்திரங்களுக்கும் பேழைகளுக்கும் பூசினார்கள். ஜப்பானில் அதற்கு உருஷி என்று பெயர். மரக்கரியால் தேய்த்து, கடைசியில் மான்கொம்புப் பொடியால் மெருகேற்றினால் முகம் பார்க்கும் கறுப்பு கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பொருட்களைக் கண்டு மயங்கிய ஐரோப்பியர்களுக்கு அந்த மரம் கிடைக்கவில்லை. கையில் கிடைத்த பிசின், எண்ணெய், நிலக்கீல் ஆகியவற்றை வைத்து ஒரு நகல் தயாரித்தார்கள். அந்த வேலைக்கு 'ஜப்பானிங்' என்றே பெயர் விழுந்தது. பழைய தையல் மெஷின் கறுப்பாகப் பளபளப்பது இந்த வழி வந்த பூச்சினால்தான். நம்மூர் ஹார்டுவேர் கடையில் 'பிளாக் ஜப்பான்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரின் பூர்வீகம் இது.

இந்த ஜப்பான் கறுப்புதான் ஹென்றி ஃபோர்டின் கைக்குப் போனது. ஃபோர்டு டி மாடல் 1908இல் வந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் என்று பல நிறங்களில் கிடைத்தது. நகரும் தயாரிப்பு வரிசை 1913இல் வந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும்தான். கறுப்பு சீக்கிரம் காயும் என்பதால் என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். விலை மலிவு, உழைப்பு அதிகம் என்பதும் அதே அளவு முக்கியமான காரணங்கள். எல்லாப் பாகத்துக்கும் ஒரே கறுப்பு போகவில்லை. தோய்த்து எடுப்பதற்கு ஒன்று, மேலிருந்து ஊற்றுவதற்கு ஒன்று, சூளையில் வேகவைப்பதற்கு ஒன்று, காற்றில் காய்வதற்கு ஒன்று என்று பல வகைகள் இருந்தன. நிலக்கீல் கலந்து சூளையில் வெந்த கறுப்பு ஈரத்தையும் துருவையும் நன்றாகத் தாங்கியது. ஒன்றரைக் கோடி டி மாடல் வண்டிகள் விற்றன. அதை வாங்கிய விவசாயி பானெட்டில் வட்டக் கீறல் இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த மாற்றம் போரிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காகப் பெருமளவில் தயாரித்த நைட்ரோசெல்லுலோஸுக்குப் போர் முடிந்ததும் வேலை இல்லை. டூபான்ட் நிறுவனம் அதைக் கரைத்து, துப்பாக்கிபோல் பீய்ச்சி அடிக்கும் ஒரு வர்ணம் செய்தது. அதன் பெயர் டூக்கோ. ஜெனரல் மோட்டார்ஸ் 1923இல் தன் ஓக்லண்ட் காரை டூக்கோ நீலத்தில் இறக்கியது. வாரக்கணக்கில் நடந்த பெயின்ட் வேலை நாள் கணக்குக்குச் சுருங்கியது. நிறங்கள் திரும்பின. ஃபோர்டும் கறுப்புப் பிடிவாதத்தைக் கைவிட்டார். நம் பட்டறைகளில் 'டூக்கோ அடிக்கிறது' என்று சொல்கிறோமே, பீரோவுக்கும் அதே சொல்தானே, அது இந்த வியாபாரப் பெயர்தான்.

டூக்கோ காய்ந்தபின் மங்கலாக இருக்கும். கம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். இதனால் கீறல் விழுந்தாலும் கவலையில்லாத ஒரு காலம் வந்தது. பாலிஷ் போடும்போது துணியில் வண்டியின் நிறமே ஏறும். மேல்தோல் போய், அடியிலிருந்து புதுக் கறுப்பு வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரைவர் தேய்த்தார், முதலாளி மகிழ்ந்தார். ஆனால் செலவு ஓசைப்படாமல் நடந்துகொண்டிருந்தது. பழைய அம்பாஸிடர்களில் பானெட் விளிம்பிலும் மட்கார்டு முனையிலும் நிறம் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்குமே, அது இப்படித் தேய்த்துத் தேய்த்து வந்ததுதான்.

1980களில் கிளியர் கோட் முறை பரவியது. அடியில் மெல்லிய நிறப் பூச்சு, அதன்மேல் நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படலம். இன்று நம் கண்ணுக்குத் தெரியும் மினுக்கமெல்லாம் அந்தப் படலத்தினுடையது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியே சராசரியாக 70 மைக்ரான் இருக்கும். நிறத்தை வெயிலிலிருந்து காக்கும் பொருளும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. டூக்கோ காலத்துப் பழக்கத்தில் ஆண்டுதோறும் மெஷின் பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்தால், நாம் எடுப்பது இந்தப் படலத்தைத்தான். அது திரும்ப வளராது. ஓரளவுக்குமேல் மெலிந்துவிட்டால் சில வருடங்களில் வெள்ளை வெள்ளையாக உரியும். அப்போது பெயின்ட் கடைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

கீறல் கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது? கறுப்பு தன்மேல் படும் ஒளியை விழுங்கிவிடும். திரும்பி வருவது மேல்படலத்தின் பிரதிபலிப்பு மட்டுமே. அதில் ஒரு கோடு விழுந்தால் அந்த இடத்தில் ஒளி சிதறும். கறுப்புப் பின்னணியில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் இதே கீறல் இருக்கும், பின்னணியே வெளிச்சமாக இருப்பதால் மறைந்துவிடும். வட்டமாகத் தெரிவதும் ஒரு கண் வித்தைதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டமிட்டதுபோல் தோன்றுகிறது. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்வதைக் கவனித்திருப்பீர்கள்.

கீறுவது எது? துணி அல்ல, தூசி. தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் நிறைய உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7, ஜன்னல் கண்ணாடிக்கும் கத்தி எஃகுக்கும் சுமார் 5.5. கண்ணாடியையே கீறும் பொருளுக்கு முன்னால் எந்தக் காரின் பெயின்ட்டும் நிற்காது. தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் அது உப்புத்தாள் ஆகிறது.

இதற்கு மனிதர்கள் இயந்திரம், ரசாயனம் என்று பலவற்றை முயன்று பார்த்தார்கள். 1914இல் டெட்ராய்ட்டில் வந்த கார் கழுவும் நிலையத்தில் ஆட்கள்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வரிசையாக நின்று கழுவினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுழலும் பிரஷ்கள் வந்தன. முன்னால் போன வண்டியின் மண்ணைப் பின்னால் வரும் வண்டிக்குத் தேய்த்துவிட்டன. பிரஷ் போய்த் துணிப் பட்டை வந்தது, அதற்கும் பின் தொடாமலே நீரைப் பீய்ச்சும் முறை வந்தது. 2003இல் மெர்சிடிஸ் பென்ஸ் நுண்துகள் கலந்த கடினமான கிளியர் கோட் கொண்டுவந்தது. 2005இல் நிசான், மெல்லிய கீறல் சில நாட்களில் தானே ஆறும் படலத்தை அறிவித்தது. இரண்டும் நல்ல முயற்சிகள், இரண்டும் கீறலைக் குறைத்தன. குவார்ட்ஸ் மட்டும் பழைய குவார்ட்ஸாகவே இருக்கிறது.

நிஜமாகவே உதவியது துணியில் வந்த மாற்றம். அந்தக் காலத்தில் ஸ்பாஞ்சும் ஷாமி தோலும்தான். ஆல்ப்ஸ் மலை ஆட்டின் பெயர் கொண்ட அந்தத் தோல், பின்னாளில் மீன் எண்ணெயில் பதப்படுத்திய செம்மறியாட்டுத் தோலாக மாறியது. இரண்டும் தட்டையானவை, அடியில் சிக்கிய மணலுக்குப் போக்கிடம் கிடையாது. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனம் மிக மெல்லிய இழையை உருவாக்கியது. அந்த வழியில் வந்த மைக்ரோஃபைபர் துணியின் மயிர்க்கால்களுக்குள் மணல் ஒதுங்க இடம் இருக்கிறது. நம் ஊர் மஞ்சள் துணிக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் அந்த வசதி இல்லை.

இப்போது எங்கள் பஞ்சாயத்துக்கு வருகிறேன். வண்டி துடைக்க வருபவர் விடியற்காலையில் பதினைந்து வண்டி துடைக்கிறார், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும்தான் ஆயுதம். ஹோஸ் பிடிக்கக் கூடாது என்று சங்கமே தீர்மானம் போட்டிருக்கிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்மானத்தைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரும் தர மாட்டோம், தினமும் பளபளவென்றும் இருக்க வேண்டும் என்றால், அவர் காய்ந்த தூசியைத் தேய்க்காமல் என்ன செய்வார்? மூன்றாவது வண்டிக்குள் அந்த வாளித் தண்ணீர் சேறாகிவிடுகிறது.

ஹோஸ் இல்லாமலே செய்யக்கூடியது உண்டு. தோட்டத்துக்குப் பயன்படும் கைப்பம்பு ஸ்பிரேயரில் இரண்டு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு கலந்து அடித்து, சில நிமிடம் ஊறவிட வேண்டும். வண்டி நிழலில், பானெட் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். நனைத்த மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, மேலிருந்து கீழே, நேர்கோட்டில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு முகம் ஒருமுறைதான், பிறகு மடிப்பைத் திருப்ப வேண்டும். ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச வேறொரு வாளி. சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் தனித் துணி, அது மேலே ஏறக் கூடாது. துடைத்து உலர்த்தும்போது தேய்க்காமல் துணியை விரித்து ஒற்ற வேண்டும். கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். சேறு அப்பியிருந்தால் மட்டும் இதெல்லாம் போதாது, தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கடைசியில் இப்படி முடிவானது: கறுப்பு வண்டி வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பன்னிரண்டு துணியும் ஒரு ஸ்பிரேயரும் வாங்கித் தருவது. தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் இரண்டு நாள் மட்டும் செய்வது. மற்ற நாட்களில் தூசி இருந்துவிட்டுப் போகட்டும். நாள் குறைந்ததைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். ஒரு பாலிஷுக்குக் கடையில் கேட்கும் தொகை அவருடைய பல மாதச் சம்பளம் என்று கணக்கைச் சொன்னபோது பேச்சு அடங்கியது. சம்பளம் பழையபடியே கொடுக்கிறோம்.