நான்கு பைண்டும் ஒரு கடன் நோட்டும்

அப்பாயியின் தகரப்பெட்டியில் பட்டுப்புடவை ஒன்றுதான் இருந்தது. மீதி இடம் முழுக்க 'சிவகாமியின் சபதம்'. நான்கு பாகம், நான்கு பைண்டு. முதுகில் கறுப்புக் காலிகோ, அட்டையில் மயில்கழுத்து நிறத்துத் தாள், உள்ளே வசம்புத் துண்டு. பெட்டியைத் திறந்தாலே வசம்பும் பழந்தாளும் கலந்த வாசனை எழும். அவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. யார் எந்தப் பாகத்தை எப்போது வாங்கிப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்ற கணக்கு நோட்டு அது. இன்று ஐந்தும் என்னிடம் இருக்கின்றன.

அந்த நான்கும் கடையில் புத்தகமாக வாங்கியவை அல்ல. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்ததைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்தவை. அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில் நாவல் பிறந்ததே அப்படித்தான். அச்சகத்தில் பாதி, வாசகரின் வீட்டில் மீதி.

கதையின் வித்து அதற்கும் முன்னால் விழுந்தது. ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியே எழுதியிருக்கிறார். பிறகு அவர் ஆனந்த விகடனை விட்டு விலகினார், சத்தியாக்கிரகத்தில் சிறை போனார், வெளியே வந்து நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டில் 'கல்கி'யைத் தொடங்கினார். அதற்கு முதல் வேண்டுமே என்று எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் போட்டு நடித்தார். ஓர் இசைக்கலைஞரின் உழைப்பில் எழுந்த பத்திரிகையில், ஆடற்கலைஞர் ஒருத்தியின் கதை தொடராக வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது.

தாத்தா நீடாமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இதழ் ரயிலில் வரும். ஜங்ஷனுக்குப் போய் ஏஜெண்டிடம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவார். சாயங்காலம் வரை அப்பாயி காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு இருபது வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரியும். அக்கம்பக்கத்தில் அது தெரிந்த பெண்கள் கொஞ்சம். அதனால் விளக்கேற்றியபின் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள், அப்பாயி உரக்கப் படிப்பார். இந்த நாவல் முதலில் அந்தத் தெருவின் காதுக்குள்தான் போயிற்று, கைக்குப் பிறகுதான் வந்தது.

போர்க்காலம். தாளுக்குத் தட்டுப்பாடு. எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என்னிடம் இருக்கும் பக்கங்களைத் திருப்பினால் அது இன்னும் தெரிகிறது. தொடரின் ஒரு பக்கத்துக்குப் பின்பக்கம் வேறொருவருடைய சிறுகதையின் நடுப்பகுதி இருக்கும். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. கூந்தல் தைல விளம்பரத்தின் பாதிப் பெண் இருப்பாள். வாதாபி மன்னன் புலிகேசி காஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருக்கும்போது மூலையில் ஒரு துணுக்கு சிரித்துக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் வந்த சுத்தமான புத்தகப் பதிப்பில் இதே கதையைப் படித்தபோது, மேளம் இல்லாமல் நாயனம் மட்டும் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கோணி ஊசியால் சணல் கோத்து அப்பாயி தானே தைத்தார். அது நிற்கவில்லை. தாத்தா கும்பகோணத்துக்கு எடுத்துப்போய் முறையாக பைண்டு போட்டுக்கொண்டு வந்தார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார்கள். இராமபாணப் பூச்சி இத்தனை வருஷம் கழித்தும் அண்டாததற்கு அதுதான் காரணம். ஆனால் பைண்டர் ஓரங்களைச் சமமாக்க வெட்டியபோது, அப்பாயி பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தவற்றில் பாதி போய்விட்டது. "…ன்னு சொல்லக் கூடாது" என்று ஓரிடத்தில் மிச்சமிருக்கிறது. சிவகாமியின் காதலன், இளவரசன் மாமல்லனைத்தான் திட்டியிருக்க வேண்டும். முன்பகுதி கும்பகோணத்தில் ஏதோ கடை வாசலில் குப்பையோடு போயிருக்கும்.

நோட்டில் முதல் பதிவு 1947. "கோடி வீட்டு அக்கா, ஒண்ணாம் பாகம்." அப்பாயி யாருடைய பெயரையும் எழுதவில்லை. தபால்காரர் சம்சாரம், டாக்டர் வீட்டுச் சின்னவள், அய்யர் வீட்டு மாமி, தறிக்காரர் மருமகள். அந்தக் காலத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் எல்லாரும் போகமுடியாது. எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. கதை அந்தக் கணக்கைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதை இந்த நோட்டில்தான் பார்க்கிறேன். பாகம் வாங்க வந்தவர்களில் சிலர் வாசலோடு நின்றார்கள் என்பதையும் அத்தை சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இரண்டும் உண்மை.

கடன் கொடுப்பதில் அப்பாயிக்கு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான். முந்தின பாகம் வந்தால்தான் அடுத்தது. முக்கியமான விதி, திருப்பித் தரும்போது நின்று பேசிவிட்டுப் போகவேண்டும். வைத்துவிட்டு ஓடக்கூடாது. 'சிற்பி மகளை இளவரசன் கட்டிக்கொள்ளக் கூடாதென்று அவன் அப்பா மகேந்திரவர்மர் நினைத்தது சரியா?' என்று ஆரம்பித்தால் அடுப்பில் உலை கொதித்து வழியும். நாகநந்தி அடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்துவிடும். துறவியின் நெஞ்சில் கலைமேல் பிறந்த மோகம் கலைஞர்மேல் திரும்புவதைக் கல்கி 'பிக்ஷுவின் காதல்' என்று பாகத்துக்கே தலைப்பாக வைத்தார். மருமகள்கள் அதைப் பற்றி மாமியார் முன்னால் பேசமுடியாது. அப்பாயி வீட்டுக் கொல்லைப்புறத்தில் பேசலாம்.

ஒருவருக்குக் கதையைச் சிபாரிசு செய்வது என்றால் என்ன என்பதை நான் அந்த நோட்டில்தான் கற்றேன். 'நல்லா இருக்கும், படி' என்பது அப்பாயி வாயில் வந்ததே இல்லையாம். டாக்டர் வீட்டுச் சின்னவளிடம், "பாட்டுப் படிக்கிறவதானே நீ, இந்தா, ஆட்டக்காரி கதை" என்று கொடுத்தார். போர், ஒற்றர், முற்றுகை என்றால் கொட்டாவி விடுகிறவர்களுக்கு நேரே சிவகாமி வரும் இடத்தைப் பிரித்துக் காட்டி, "இங்கேருந்து ஆரம்பி, பின்னாடி போயி முன்னாடி படிச்சுக்க" என்பாராம். ஆளைப் படித்துவிட்டு அப்புறம்தான் பாகத்தை எடுப்பார்.

நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், கொடுத்ததற்குப் பதிலாகக் கொடுக்காதது பதிவாகியிருக்கிறது. "எதிர்ச்சந்து தங்கச்சி. மூணு வந்துச்சு. நாலு குடுக்கல."

எதிர்ச்சந்திலிருந்த அந்தப் பெண்ணின் கணவர், கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். முதலில் கடிதமும் பணமும் வந்தன. பிறகு பணம் மட்டும். பிறகு எதுவும் இல்லை. அவள் மூன்று பாகமும் படித்துவிட்டாள். மூன்றாம் பாகத்தில் சிவகாமி வாதாபியில் சிறைப்பட்டிருக்கிறாள். மாமல்லன் மாறுவேடத்தில் மீட்க வருகிறான். அவள் வரமாட்டேன் என்கிறாள். இந்த ஊரை எரித்துவிட்டு என்னை அழைத்துப்போ என்று சபதம் செய்கிறாள். அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் சொன்னபடி வருகிறான், வாதாபி எரிகிறது. ஆனால் அதற்குள் அவனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கின்றன. காத்திருந்தவள் அதை ஊர் திரும்பித்தான் அறிகிறாள். அந்த நான்காம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'சிதைந்த கனவு'.

அதை எப்படி அந்தப் பெண் கையில் கொடுப்பது? "பைண்டு பிரிஞ்சு போச்சு, கும்மோணம் குடுத்திருக்கு" என்றார் அப்பாயி. ஒரு மாதம் கழித்து அவள் கேட்டதற்கு, "இன்னும் வரல." இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அத்தைக்கு அப்போது பத்து வயது. பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தை ஏன் இல்லை என்கிறாய் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறார்.

பிறகு ஒருநாள் அவளே வந்து நின்றாள். மன்னார்குடியில் சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் நான்காம் பாகத்தைப் படித்துவிட்டாளாம். அப்பாயி தலைகுனிந்து நின்றார் என்கிறார் அத்தை. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "கடைசியில அவ ஆடுறா இல்ல, அக்கா?" என்றாள். ஏகாம்பரநாதர் சன்னிதியில் சிவகாமி தன்னை இறைவனுக்கே ஒப்புக்கொடுத்து ஆடும் இடம் அது. "ஆடுறா" என்றார் அப்பாயி. "அதைத்தான் ரெண்டு வருஷமா ஒளிச்சு வச்சீங்களா?"

அப்பாயி உள்ளே போய் நான்காம் பாகத்தை எடுத்து வந்து கொடுத்தார். நோட்டில் "குடுக்கல" என்பதற்குக் கீழே வேறு மையில் "குடுத்தாச்சு" என்று இருக்கிறது. திரும்பி வந்த தேதி இல்லை. எப்போது கொடுத்தாளோ, எத்தனை முறை படித்தாளோ.

அந்த முடிவை நான் பதினாறு வயதில் படித்தபோது எனக்குக் கல்கிமேல் கோபம்தான் வந்தது. மனிதனிடம் தோற்றவளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு ராஜாவைத் தப்பிக்க விடுகிறாரே என்று. இப்போதும் அந்தக் கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் எதிர்ச்சந்துப் பெண் அதே பக்கத்தில் வேறொன்றைக் கண்டாள். சிவகாமியும் அவள் அப்பா ஆயனரும் கல்கியின் கற்பனை, மாமல்லன் 642-இல் வாதாபியை வென்றது சரித்திரம். இந்த வித்தியாசம் எங்கள் தெருவில் யாருக்கும் பொருட்டாக இல்லை. காஞ்சிபுரம் போனபோது, ஏகாம்பரநாதர் கோயிலில் சிவகாமி ஆடிய இடம் எதுவென்று அப்பாயி குருக்களிடம் கேட்டிருக்கிறார். அவர் சற்றும் யோசிக்காமல் ஒரு மண்டபத்தைக் கைகாட்டினாராம்.

1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியதும் தெருவின் காற்று மாறியது. ஓவியர் மணியத்தின் படங்களைப் பார்த்துக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்றரை வருஷம் வந்தியத்தேவன் குதிரையேறி எல்லா வீட்டுக்கும் போனான். ஆண்களும் கேட்டு வாங்கிப் படித்தார்கள். தொடர் முடிந்த 1954-இலேயே, டிசம்பரில், கல்கி இறந்துபோனார். பின்னால் வந்த வருஷங்களில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு குந்தவையும் வானதியும் அருள்மொழியுமாக நிறைந்தது. அந்த ஐந்து பாகங்களும் பெரியப்பாவின் பங்குக்குப் போய், அவர் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. அப்பாயிக்கு அதில் பெரிய வருத்தமில்லை. "அது ராஜாங்கக் கதை. இது நம்ம கதை" என்பார்.

அத்தை காலத்தில் பெட்டிக்குப் போட்டியாக வேறு கதைகள் வந்தன. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்து, பூரணியைப் போல் வாழவேண்டும் என்று அத்தை டைரியில் எழுதிக்கொண்டார். சாண்டில்யனின் 'கடல் புறா' குமுதத்தில் வந்தபோது வீட்டில் அது பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று தீர்ப்பானது. அத்தை அதை நெல் குதிருக்குப் பின்னால் வைத்துப் படித்தார். தோழிக்கும் குதிருக்குப் பின்னாலிருந்தே கைமாறியது. அதற்கு நோட்டுப் போடமுடியுமா? போடவில்லை.

நான்கு பைண்டில் இரண்டாம் பாகத்துக்குத்தான் அதிகக் காயம். ஒரு வீட்டில் கைக்குழந்தை மூன்று தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது. அந்த வீட்டுப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாதம் பாகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். வேறெங்கோ இரவல் வாங்கி, கிழிந்துபோன ஆறு பக்கத்தையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதே இடத்தில் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். நீலமை இப்போது பழுப்பாகிவிட்டது. அவசரமில்லாத உருண்டை எழுத்து. ஓர் இடத்தில் 'சக்கரவர்த்தி'யில் 'க்' விட்டுப்போய், மேலே சின்னதாகச் சேர்த்திருக்கிறாள். நான்கு பாகத்திலும் நான் அதிகம் திருப்பிப் பார்க்கும் பக்கங்கள் இவைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டன. புத்தகக் காட்சியில் நான்கு பாகமும் ஒரே கனத்த புத்தகமாகக் கிடைக்கிறது. 2022-இல் 'பொன்னியின் செல்வன்' சினிமாவாக வந்தபின் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டு வாங்குகிறார்கள். ஒலிப்புத்தகமாகவும் கேட்கிறார்கள், அது எங்கள் திண்ணைக்கு அருகில் வருவதால் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நான்கு பாகமும் ஒன்றாகக் கையில் கிடைத்துவிட்டால், பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே வந்து நிற்கும் அந்த ஆள் எங்கே?

இந்தப் பைண்டுகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் சென்னையில் நூலகமாகக் காக்கப்படுவதை அறிவேன். அங்கே இவற்றுக்குக் குளிரூட்டிய அறை கிடைக்கும். ஒருநாள் கொடுக்கத்தான் வேண்டும். நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் மிச்சமிருக்கிறது, அது தீரட்டும்.

மேல்மாடியில் குடியிருக்கும் பெண் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப்பணி முடிந்து வந்தால் தூக்கம் பிடிப்பதில்லை என்றாள். முதல் பாகம் கொடுத்தேன். நான்கு நாளில் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று, "அந்தப் பரஞ்சோதிப் பையனை நம்பலாமா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். இரண்டாம் பாகத்தை எடுத்துப்போய்ப் பதினொரு நாளாகிறது. கையால் எழுதிய பக்கங்களுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. நேற்று ராத்திரி வாட்ஸாப்பில் அந்த எழுத்தைப் படமெடுத்து அனுப்பி, யார் எழுதியது என்று கேட்டிருந்தாள். மாலை வா, சொல்கிறேன் என்று போட்டிருக்கிறேன்.