காளான் மீது ஒரு படையெடுப்பு

இங்கிலாந்தில் கூட்டமாகக் காட்டுக்குப் போய்க் காளான் தேடுவதற்கு 'ஃபோரே' என்று பெயர். ஆனா அந்தச் சொல்லின் பழைய பொருள், திடீரென்று புகுந்து கொள்ளையடித்துத் திரும்புவது. ஏறக்குறைய நம்ம வெட்சித் திணை மாதிரி. இந்தச் சண்டைக்காரச் சொல் காளானிடம் எப்படி வந்தது என்று தேடினால், 1868 அக்டோபரில் ஹெரிஃபோர்டு நகரத்தில் போய் நிற்கிறோம்.

அங்கே 1851-ல் தொடங்கிய வூல்ஹோப் இயற்கை ஆர்வலர் சங்கம் இருந்தது. பாறை, பழைய மரம், பறவை என்று சுற்றுகிற கூட்டம். அதில் ஒருவரான மருத்துவர் ஹென்றி கிரேவ்ஸ் புல், 'காளான்கள் மீது ஒரு ஃபோரே' என்று எல்லோரையும் அழைத்தார். விளையாட்டாக வைத்த பெயர்தான்.

விஷயம் விளையாட்டு இல்லை. அன்றைய ஆங்கிலேயர் பெரும்பாலும் புல்வெளிக் காளானை மட்டும் நம்பினார்கள். மற்றதெல்லாம் 'டோட்ஸ்டூல்', அதாவது தேரை உட்காரும் முக்காலி. கண்டால் காலால் எத்த வேண்டியது. அதே சமயம் இத்தாலிச் சந்தைகளில் பல வகைக் காளான்கள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. உருளைக்கிழங்கு நோய் வந்து அயர்லாந்து பட்டினியில் கிடந்த 1847-ல், சார்லஸ் பேடம் என்ற மருத்துவர் தன் காளான் நூலில் வருந்தினார்: ஏழைகள் பசியில் இருக்க, நல்ல உணவு காட்டில் அழுகுகிறதே என்று.

சரி, புத்தகத்தைப் பார்த்துப் பறித்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஓவியர் வொர்திங்டன் ஸ்மித் 1867-ல் உண்ணத்தக்கவை, நச்சுள்ளவை இரண்டையும் பெரிய வண்ணத் தாள்களில் வரைந்து வெளியிட்டார். அவரே ஒருமுறை நச்சுக்காளானைத் தின்று மோசமாகப் படுத்தவர்! ஒரே காளான் மொட்டில் ஒரு மாதிரி, விரிந்தபின் வேறு மாதிரி, மழையில் நனைந்தால் இன்னொரு மாதிரி இருக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்பதெல்லாம் சும்மா. 'டெத் கேப்' என்ற காளானைத் தின்றால் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. வாந்தி தொடங்கும்போது நஞ்சு கல்லீரலை எட்டியிருக்கும்.

ஹெரிஃபோர்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. பகலெல்லாம் கூடையோடு காட்டில் அலைவார்கள். கொண்டுவந்ததை மேசையில் பரப்புவார்கள். உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று 1846-லேயே வாதிட்ட பாதிரியார் பெர்க்லி, லண்டன் இந்தியா மியூசியத்தில் வேலை பார்த்த குக், நம்ம ஸ்மித் எல்லாம் பின்னாளில் இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள். தொட்டு, முகர்ந்து, வெட்டிப் பார்த்து, வாதாடிப் பெயர் வைப்பார்கள். இரவு விருந்தில் காளானும் உண்டு. ஓக் மரத்தில் வளரும் ஒரு வகை, வெட்டினால் மாட்டிறைச்சி போலச் சிவப்பாகச் சாறு விடும்; அதுகூட அவர்கள் தட்டுக்கு வந்தது.

ஸ்மித் தனியாகச் செய்த தவறு வயிற்றில் போய்த்தான் தெரிந்தது. கூட்டத்தில் அதே தவறு மேசையிலேயே பிடிபட வாய்ப்பு உண்டு. அந்த உலாக்களின் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோணுது.

1896-ல் யார்க்‌ஷயரின் செல்பியில் நடந்த இன்னொரு காளான் உலாவில்தான் பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கம் உருவானது. இன்றைக்கும் இலையுதிர் காலத்தில் அங்கே கூடையோடு கிளம்புகிறவர்கள் 'ஃபோரே' போவதாகத்தான் சொல்கிறார்கள். புல் வைத்த கேலிப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.